லாரிக்காரர் ஏன் ஸ்டேஷனுக்குப் போனார்

...யாருமே பார்க்கவில்லை, அதுதானே சிக்கல், மேடவாக்கத்தில் நடுமத்தியானம், தண்ணீர் லாரி சைக்கிள்காரனை இடித்துவிட்டு நிற்காமல் போகிறது, அவன் பிழைத்துக்கொள்கிறான், வண்டி எண் தெரியாது, தப்பித்தாயிற்று, பிறகு ஏன் என் படத்தின் லாரிக்காரர் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்? மேற்குத் தாம்பரத்து எடிட்டிங் அறையில் சம்பத் மூன்றாவது முறையாகக் கேட்கிறான், "இன்னா சிக்கந்தர், இந்தாளு லூஸா? ஒருத்தனும் பாக்கலியே." அல்லா பார்த்தான்ல என்றேன். "அது உனக்குத் தெரியும் மச்சான், ஸ்கிரீன்ல எங்க கீது?" சரியான கேள்விதான்... சினிமாவில் ஆசையைக் காட்டுவது சுலபம், ஒரு முகம், அடுத்து அது பார்க்கும் பொருள், மறுபடி முகம், பசியா காதலா என்று பார்ப்பவர்களே இணைத்துப் புரிந்துகொள்வார்கள், ஆனால் தொழுகிறவரின் கண் சஜ்தா செய்யும் இடத்தில் தாழ்ந்திருக்கும், நெற்றி படப்போகும் அந்தப் பாயைத் தவிர வேறெதையும் பார்க்காது, அப்படியானால் நடு ஷாட்டில் எதை வைப்பது? பாயையா? இந்தக் காட்சியை எழுதிய ரம்ஜானில் எனக்கு இந்தச் சந்தேகமே வரவில்லை, அழுதுகொண்டே எழுதினேன், அவர் ஏன் போகிறார் என்று அப்போது தெரிந்திருந்தது... இப்போது?

அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்கிறது, சம்பத் வழக்கம்போல ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என்னைப் பார்க்கிறான், "போய்ட்டு வாயேன், நா இங்கதான் இருப்பேன்," வேலை முடியட்டும் என்கிறேன், நாளை படத்தைக் கொடுக்க வேண்டும், ஆனால் வேலையா காரணம்? இந்தப் படத்துக்காகப் பள்ளிவாசலில் நான்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆக்களைப் படம் பிடித்தேன், நான்கிலும் தொழவில்லை, இதுவும் இபாதத்துதான், ஒரு வணக்கம்தான் என்று சொல்லிக்கொண்டேன், எனக்கே நிச்சயமில்லாத ஒன்றை லாரிக்காரர் தலையில் கட்டி அனுப்பப்போகிறேனா...

"இத்தப் பாரு, இவரு கேமராவப் பாத்துட்டாரு, வெட்டிடவா?" கடைசி வெள்ளிக்கிழமை டேப். அன்று தொழுகை வரிசையில் நின்றேன், கேமராவை ஓடவிட்டு வரிசைக்கே திரும்பிவிடலாம் என்றுதான் பின்னால் வந்தேன், திரையில் என் இடம் காலியாக இருக்கிறது, இடைவெளி விடாமல் நில்லுங்க என்று தொழவைக்கும் அஜரத் சொல்கிறார், தோளோடு தோள் சேர வேண்டும் அல்லவா, பக்கத்திலிருந்த பெரியவர் உடனே நகரவில்லை, திரும்பி, நேராக லென்ஸைப் பார்க்கிறார், மூன்று நொடி, நான்கு... பிறகு ஒரு காலை நகர்த்தி என் இடத்தை மூடுகிறார். வெட்டாதே, இன்னொரு தடவை ஓட்டு என்கிறேன், ஓட்டுகிறான், அவர் திரும்பும் அந்த நொடியில் படம் லேசாகக் கலங்கித் தெளிகிறது, அது நான்தான், அவர் என்னைத் தேடியபோது நான் அவருக்கு ஃபோகஸ் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறேன்.