உள்பட்டை

புது மெஷினின் உறையை ரூபீனா பிரித்தபோது நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். பார்க்கக் கூடாது என்று வைராக்கியம். பார்த்துவிட்டேன். சாப்பாட்டு டப்பா அகலம்தான். என் பழைய பெட்டி எஃகுக்குள் ஒரே கோணத்தில் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பச்சைக் கோடாகக் காட்டும். நல்லதா கெட்டதா என்று நான்தான் சொல்ல வேண்டும். ஃபேஸ்டு அர்ரே என்ற இந்தப் புது மெஷின் ஒரே சமயத்தில் பல கோணங்களில் அனுப்பி, வெல்டின் உள்ளே இருப்பதைக் கலரில் படமாகவே போட்டுவிடும். வெல்டுகளைச் சோதிக்கும் இந்தக் கம்பெனியில் பதினேழு வருஷம் குப்பை கொட்டியவன் நான். அவள் வந்து மூன்று வருஷம்.

"ட்ரெயினிங் போய்ட்டு வந்தவ அவதானே. நீ பழசையே எடுத்துண்டு கூடப் போப்பா" என்றார் ஆழ்வார்பேட்டை ஆபீஸில் முதலாளி கஸ்தூரிரங்கன். "அதுக்கென்ன சார்" என்று சிரித்தேன். அந்த ட்ரெயினிங் எனக்கு வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதை இப்போது யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். சமையலுக்கு நீராவி தரும் பாய்லரின் வெல்டை வருஷா வருஷம் சோதிப்பது நான். ஐந்து வருஷமாக என் கையெழுத்து. அதில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. மேலிருந்து கீழாக ஓடும் நீள வெல்டுக்கு உள்பக்கமாக ஒரு எஃகுப் பட்டையை வைத்துப் பற்ற வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் கிடையாது. அது நெடுக எதிரொலி கொடுக்கும். தெரியாதவர்கள் விரிசல் என்று நினைப்பார்கள். முதல் வருஷம் நானே நினைத்தேன்.

ரூபீனாவிடம் சொல்லவில்லை.

அவள் ஜெல்லைத் தடவி, ஒலியை அனுப்பும் ப்ரோபை வைத்து நகர்த்தினாள். திரையில் நெடுகச் சிவப்பு. சமையல் மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், நாளைக்கு முகூர்த்தம் கீது. பாய்லர் ஓகேதானே?"

விரிசல் என்று சொல்லட்டும். மண்டபத்துக்காரர் கத்துவார், கஸ்தூரிரங்கன் தலையில் கை வைத்துக்கொள்வார், மெஷின் என் கைக்கு வரும். வெட்கமே இல்லாமல் அத்தனையும் நினைத்துவிட்டேன்.

"சார், உள்ள பட்டை வச்சிருக்காங்களா?"

"ஏன் கேக்கற?"

"ஒரே ஆழத்துல நேரா வருது. விரிசல்னா தகட்டுக்குள்ள வரணும், இது தகட்டைத் தாண்டித்தான் நிக்குது." என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமில்ல?"

"இப்பதான் சொல்ல வந்தேன்."

அவள் ப்ரோபை நகர்த்தினாள். கீழ்முனைக்கு ஒரு ஜாண் மேலே கை நின்றது. பின்னால் போனாள், முன்னால் வந்தாள்.

"இங்க வாங்களேன்."

பட்டையின் சிவப்பு அப்படியே இருந்தது. அதற்கு மேலே, தகட்டுக்குள்ளேயே, இன்னொரு சிவப்பு சாய்வாக ஏறியிருந்தது. என் பழைய ப்ரோபை அதே இடத்தில் வைத்தேன். பச்சைக் கோடு எழுந்தது. வருஷா வருஷம் பட்டைதான் என்று நான் தள்ளிவிட்ட அதே கோடு. ஆனால் பட்டை வர வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது. என் பெட்டியும் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியுமே என்று நான் பார்க்கவே இல்லை.

மாஸ்டர் பாய்லர் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஐந்து வருஷமாக அவர் நிற்கும் இடம் அதுதான்.

"நீங்க சொல்றீங்களா சார், நான் சொல்லட்டுமா?" ரூபீனா சாக்பீஸை நீட்டினாள். குத்தலா மரியாதையா, தெரியவில்லை. அந்த நேரத்திலும் அந்த மெஷின் அவள் தோளில் தொங்குவதுதான் என் கண்ணை உறுத்தியது.

"மாஸ்டர், நாளைக்கு பாய்லர் கிடையாது" என்றேன்.

"இன்னா சார் சொல்ற? போன வருஷம் நீதானே நல்லா கீதுன்னு சொன்ன?"

ஜெல் மேல் சாக்பீஸ் வழுக்கியது. கர்ச்சீப்பால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தி இழுத்தேன். போன வருஷம் நான் கையெழுத்துப் போட்டு ஒட்டிய ஸ்டிக்கருக்கு நேர் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.