முள் அசைந்த மத்தியானம்

மீட்டர் பழுதுபார்க்கும் தங்கைக்கு ஒரே அக்கா. காய்ச்சல் ஒன்று வந்து போனதில் அக்காவுக்குக் காது அடியோடு போய்விட்டது. பேச்சு மட்டும் பழையபடி வரும். மற்றவர்கள் சொல்வதை உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். இப்போது தொட்டிலில் ஒரு பெண் குழந்தை.

“இவ அழுறது அடுப்படியில தெரியவே மாட்டேங்குதுடி. ஓடி ஓடிப் பார்த்துக் காலே தேஞ்சுபோச்சு.”

தங்கை பட்டறையில் கிடந்த பெரிய வட்ட மீட்டரைக் கொண்டுவந்து அடுப்புக்கு எதிர்ச் சுவரில் மாட்டினாள். தொட்டிலருகே மைக் வைத்துக் கம்பி இழுத்தாள். குழந்தை அழுது வீட்டையே இரண்டாக்கியது. முள்ளோ பூஜ்யத்திலேயே நின்று லேசாக நடுங்கியது.

“என்னடி, உன் மீட்டருக்கும் காது போச்சா?”

தப்பு தங்கையுடையதுதான். குரல் மின்சாரமானால் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மேலும் கீழும் போய்வரும். கூட்டிப் பார்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. அந்த மின்சாரம் ஒரு கம்பியை எவ்வளவு சூடாக்குமோ, அதே சூட்டைத் தரும் நிலையான மின்னழுத்தமாக மாற்றித்தான் முள்ளுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே இருக்கும் நகமளவு மின்னணுச் சில்லு ஒன்றை மீட்டரோடு பற்றவைத்தாள். அதன்பின் சிணுங்கினால் முள் சற்றே எழுந்தது. வீறிட்டால் கடைசிக் கோடுவரை போனது. அக்காவின் ஓட்டம் நின்றது.

ஒரு மத்தியானம் தங்கை உள்ளே நுழைந்தபோது திரைச்சீலை வழியே வெயில் பால்போல் வழிந்துகொண்டிருந்தது. தொட்டிலை ஆட்டியபடி அக்கா கதவு வழியே மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ தூங்குறா. முள்ளு மட்டும் நடுவுல மிதக்குது. கெட்டுப்போச்சா?”

“கெடலக்கா. நீதான் பாடிக்கிட்டிருந்தே.”

“நானா?”

அக்கா வாயை மூடினாள். முள் மெல்லச் சரிந்து படுத்தது. தொண்டையில் கைவைத்து ஒரு முனகல் முனகினாள். எழுந்தது.

“எப்பலேர்ந்துடி?”

“இவ பொறந்ததுலேர்ந்து.”

“சொல்ல மாட்டியா?”

“தெரிஞ்சுதான் பாடுறேன்னு நெனச்சேன்.”

அக்கா தொட்டிலை மறுபடி ஆட்டினாள். பிறகு கேட்டாள்: “நல்லாவா இருக்கு?”

“சுருதி எங்கெங்கேயோ போகுது.”

“போகட்டும்” என்று சிரித்தாள் அக்கா. முள்ளின்மேல் கண்வைத்து மறுபடி ஆரம்பித்தாள். தங்கை பட்டறைக்குத் திரும்ப வேண்டியதை மறந்து, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.