தோள்கறி வேகும்வரை

பூட்டுக்காரர் சொன்னது பெரிய பொய் ஒன்றுமில்லை. "அண்ணி எப்படிண்ணே இருக்காங்க?" என்று கறிக்கடைத் தம்பி கேட்டார். "அவளுக்கென்ன, நல்லா இருக்கா" என்று இவர் சொல்லிவிட்டார். மனைவி செத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். அடுத்த வாரம் திருத்திச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். அடுத்த வாரமும் தம்பி அதையே கேட்டார். கேட்டதும் இவருக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று, மறுபடியும் அதே பதில். பிறகு பொய் தன்பாட்டுக்கு வளர ஆரம்பித்தது. ஒரு வாரம் அவளுக்குச் சளி, இன்னொரு வாரம் முட்டிவலி. ஒருமுறை, "ரெண்டு நாளா எனக்கும் அவளுக்கும் பேச்சில்ல தம்பி" என்றுகூடச் சொல்லிவைத்தார். அன்றைக்குப் பேருந்தில் திரும்பும்போது அவருக்கு நிஜமாகவே அவள்மேல் கோபம் இருந்தது.

அந்தக் கடை பழைய வீட்டுப் பக்கத்தில் இருந்தது. வீடு மாறிய பிறகும் அவள் அங்கேதான் கறி வாங்குவாள், அதுவும் இளங்குட்டியின் தோள்கறியை எலும்போடு முழுசாக. இவரும் அதே கடைக்குப் பேருந்து மாறிப் போய், அதையே முழுசாக வாங்கி வந்து, வாரம் முழுக்க ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தார். புது வீட்டுத் தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரிந்ததால் யாரும் அவள் பேச்சையே எடுப்பதில்லை. இவர் வந்தால் பேச்சை மாற்றுவார்கள், நல்ல மனசோடுதான். ஊர் முழுக்க அடைபட்ட கதவுகளைத் திறந்துவிட்டு வீடு திரும்பினால், அவர் வீட்டுக் கதவை அவரேதான் திறந்துகொள்ள வேண்டும்.

போன வாரம் தம்பி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "அண்ணே, ஊருக்கெல்லாம் நல்ல கறி குடுக்கிறேன், என் வீட்டுல கறி செருப்பு மாதிரி இருக்கு. சொன்னா உங்க தங்கச்சி கரண்டியத் தூக்கிட்டு வர்றா. அண்ணிகிட்ட நேர்ல பாத்துக் கத்துக்கணுமாம். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வர்றோம்."

"அதுக்கென்ன, வாங்க" என்றார் பூட்டுக்காரர். வேறென்ன சொல்ல முடியும்?

வழியெல்லாம் யோசித்து ஒரு திட்டம் போட்டார். கறியைத் தானே சமைத்துத் தயாராக வைத்துவிட வேண்டியது. வந்ததும், தன் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று அவள் கிளம்பிப்போய்விட்டாள், சமைத்து வைத்துவிட்டுத்தான் போனாள் என்று சொல்லி, சுடச்சுடப் பரிமாறி அனுப்பிவிட வேண்டியது. அந்தக் கடையில் மட்டுமாவது அவள் இன்னும் கொஞ்ச நாள் இருப்பாள்.

ஞாயிறு காலையில் கனத்த பாத்திரத்தில் கறியைப் போட்டு நாலு பக்கமும் சிவக்க வைத்தார். உரித்த வெங்காயமும் பூண்டும் சுற்றிவர அடுக்கி, மிளகு தூவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடினார். தீயைக் குறைத்தார். இனி வேலை ஒன்றும் இல்லை. மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் வேலை. உள்ளே சுற்றும் ஆவியில்தான் அது வேக வேண்டும் என்பாள் அவள்.

ஆனால் மூடிக் கிடக்கிற எதையும் அந்தக் கை சும்மா விட்டதில்லை. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இவர் ஆக்கவே பொறுக்காத ஆள். ஒருதரம் திறந்து பார்த்தார். குத்திப் பார்த்தார். பயம் வந்து மறுபடி திறந்தார். திறந்த ஒவ்வொரு தடவையும் ஆவி முகத்தில் அடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் போனது. அவள் இருந்தவரை அடுப்பங்கரையில் இவரை அண்டவிட மாட்டாள்.

அழைப்பு மணி அடித்தபோது கறி கல்லாகக் கிடந்தது.

வாசலில் தம்பி சலவைச் சட்டையில் நின்றார், பக்கத்தில் பழப்பையோடு அவர் மனைவி. "அண்ணி எங்கண்ணே?"

போட்டு வைத்திருந்த திட்டம் அந்த நேரத்தில் கைவிட்டுவிட்டது. அவள்தான் சமைத்தாள் என்றால் கறி வெந்திருக்க வேண்டுமே! "பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கா, வந்துடுவா" என்று உளறினார்.

"மெதுவா வரட்டும். எங்களுக்கு என்ன அவசரம்?" என்று தம்பியின் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வசமாக மாட்டிக்கொண்டார். தம்பி ஏதோ விலைவாசி பேசினார். வெளியே யாராவது நடந்துபோகும் சத்தம் கேட்டால் தம்பியின் மனைவி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அண்ணிதான் போல" என்றாள். மூன்றாவது முறை அவள் அப்படி எழுந்தபோது, எங்கே, வந்தேவிட்டாளோ என்று பூட்டுக்காரரும் கதவைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"உக்காரும்மா. அவ வரமாட்டா" என்றார். "அவ செத்துப்போயிட்டா. போன மழைக்கு முன்னாடியே."

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. "வாராவாரம் கேட்டேனேண்ணே. நல்லா இருக்கான்னு சொன்னீங்களே. என்கிட்ட சொல்லணும்னு தோணலையா? நான் அவ்வளவு வேத்தாளா?"

"வேற யாரு தம்பி அவளைக் கேக்கிறாங்க?" என்றார் பூட்டுக்காரர். "நீ ஒருத்தன்தான் கேட்ட. சொல்லிட்டா நீயும் நிறுத்திடுவ."

தம்பியின் மனைவி எழுந்துபோய்த் தீயைப் பார்த்தாள். மூடியில் கை வைக்கப் போன பூட்டுக்காரரிடம், "தொடாதீங்கண்ணே, அது வேகட்டும்" என்றாள். மூவரும் காத்திருந்தார்கள். சாயங்கால வெயில் அறைக்குள் வந்த பிறகுதான் எலும்பு தானாகக் கறியை விட்டுக் கழன்றது.

தம்பியின் மனைவிதான் பரிமாறினாள். ஒரு வாய் தின்ற தம்பி, குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"அண்ணே, இதைத் தின்னா அண்ணி என்ன குத்தம் சொல்லுவாங்க?"

பூட்டுக்காரர் மென்று பார்த்தார். "உப்புப் பத்தலைம்பா. நான் எதைச் செஞ்சாலும் அவளுக்கு உப்புப் பத்தாது" என்றவர், அடுத்த வாயை எடுக்க முடியாமல், தட்டைப் பார்த்தபடி வாய்விட்டு அழுதார். சாவுக்கு வந்த கூட்டத்தின் நடுவில்கூட அவர் அப்படி அழுததில்லை.

அழாதீங்க என்று அவர்கள் சொல்லவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை பொறுத்திருந்துவிட்டுத் தம்பி கேட்டார்.

"வேற என்ன சொல்லுவாங்க?"