ஹர்ஷிணியின் எஞ்சினுக்கு அடித்த பெயிண்ட்

கணபதியில், சத்தி ரோட்டிலிருந்து மூன்றாவதாகப் பிரியும் தெருவில், லட்சுமணசாமி தன் மகளின் புல்லட் எஞ்சினுக்கு அடித்த சில்வர் பெயிண்ட், அது கார் ஷெட்டில் கிடந்த ஒரு வருடமும் நான்கு மாதமும் காயவில்லை. பெயிண்டில் குறையில்லை. அதே டப்பாவில் மிச்சமிருந்ததை எதிர்வீட்டு மருதாசலம் தன் இரும்புக் கேட்டுக்கு அடித்தபோது அரை மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அடித்த முறையிலும் குறை சொல்ல முடியாது. லட்சுமணசாமி ஒரு பம்ப்செட் கம்பெனியில் முப்பத்திநான்கு வருடம் எஞ்சின்களை ஓட்டிப் பார்த்து, ஓடும், ஓடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓய்வுபெற்றவர். எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவர். எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கிக் கார் ஷெட்டில் ஒரு பழைய சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, இருபத்தைந்து வருட எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயும் பல் தேய்க்கிற பிரஷ்ஷும் கொண்டு மூன்று நாள் கழுவினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். துளைகளில் துணி அடைத்து, டேப் ஒட்டி, பிரைமர் அடித்து, அதன்மேல் சூடு தாங்கும் பெயிண்டை மூன்று கோட் அடித்தார். மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. காற்றுகூட இல்லை.

வண்டி ஹர்ஷிணியுடையது. அவளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடம் எட்டு மாதம் அங்கே இருந்துவிட்டு, இனி இருக்க முடியாது என்று ஒரு நாள் போன் செய்தாள். லட்சுமணசாமி கார் எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்தார். பின்சீட்டில், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, மடியில் மிக்ஸியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தவள் அவிநாசி தாண்டும்போது ஒன்று முடிவு செய்தாள். அடுத்த முறை ஒரு வீட்டைவிட்டுப் போகும்போது தானே ஓட்டிக்கொண்டுதான் போவது. வடவள்ளியில் ஒருவரிடமிருந்து அந்தப் பழைய புல்லட்டை வாங்கினாள். மைசூரில் இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலைக்கு எழுதிப்போட்டாள். மே முதல் தேதி சேரும்படி கடிதம் வந்தது. சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் மலைப்பாதை வழியாகத் தனியாக வண்டியிலேயே போகப்போகிறேன் என்று சொன்னாள். லட்சுமணசாமி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்துவிட்டு, “எஞ்சின் அழுக்கா இருக்குது கண்ணு, ஒரு பெயிண்ட் அடிச்சுக் குடுத்தர்றேன்” என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் வாரம் யாரும் கவலைப்படவில்லை. இரண்டாவது வாரம் ஹர்ஷிணி முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து காட்டினாள். மூன்றாவது வாரம் எஞ்சினை மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். பக்கத்தில் லட்சுமணசாமியின் மனைவி கோமளா காயப்போட்டிருந்த மிளகாய் ஒரே பகலில் மொறுமொறுவென்று ஆனது. எஞ்சின் தண்ணீரிலிருந்து தூக்கியதுபோலவே இருந்தது. ஏப்ரல் கடைசியில் அதை ஒரு பவுடர் கோட்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய், இருநூறு டிகிரி அடுப்பில் நாற்பது நிமிடம் வைத்தார்கள். வெளியே எடுத்தபோது இரும்பு கை வைக்க முடியாமல் சுட்டது, மேலே பெயிண்ட் ஈரமாகவே இருந்தது. பட்டறை ஆட்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த லோடை உள்ளே தள்ளினார்கள். தின்னர் ஊற்றித் துடைத்து மறுபடி அடித்தும் பார்த்தாயிற்று. அதுவும் காயவில்லை. “ஈரத்தோட மாட்டுனா வீணாப்போயிரும், காயட்டும்” என்றார் லட்சுமணசாமி. மே முதல் தேதி வந்து போனது. மைசூர் வேலை வேறு யாருக்கோ போயிற்று. ஹர்ஷிணி கணபதியிலேயே ஒரு பட்டறையில் கணினி முன்னால் உட்காரும் வேலையில் சேர்ந்தாள்.

அவள் உட்கார்ந்தது அந்த வேலை இடத்தில் மட்டும்தான். அந்தப் பெயிண்ட் வாசம் இருந்த வீட்டில் யாராலும் ஐந்து நிமிடத்துக்குமேல் உட்கார முடியவில்லை. கோமளா நின்றபடி காய் நறுக்கினாள், நடந்தபடி டிவி பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றினார்கள். ஹர்ஷிணிக்கு இரண்டாவதாக ஒரு வரன் கொண்டுவந்த தரகர், ஜாதகத்தை எடுப்பதற்குள் வீட்டை இரண்டு முறை வலம் வந்து, அப்படியே கேட் வழியாக வெளியே நடந்து போனவர் திரும்பவில்லை. ஹர்ஷிணி சாயங்காலம் வந்ததும் மொட்டைமாடிக்கும் கேட்டுக்குமாக நடப்பாள். லட்சுமணசாமி ஒரு நாளைக்குப் பதினொரு முறை கார் ஷெட்டுக்குப் போய், இடது கை ஆள்காட்டி விரலால் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பார். அந்த விரல் நகத்திலிருந்து பாதிவரை வெள்ளியாகவே ஆகிவிட்டது. அடுத்த வருடத் தேர்தலில் மை வைக்க உட்கார்ந்திருந்தவர் வேறு விரலை நீட்டச் சொன்னார்.

தேர்தல் நடந்த அதே வருடம் மே மாதம் உடுமலைப்பேட்டையில் லட்சுமணசாமியின் அண்ணனுக்குக் குடலிறக்கம் முற்றி அவசரமாக அறுவை சிகிச்சை நடந்தது. லட்சுமணசாமி போய் இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். மருந்துச் சீட்டும் ரத்தத்துக்கு ஆள் தேடுவதுமாக அவருக்கு வேறு நினைப்பே இல்லை. இரண்டாம் நாள் காலை கோமளா கார் ஷெட்டைக் கூட்டப் போனபோது எஞ்சின்மேல் பாலாடைபோல ஒரு தோல் படிந்திருந்தது. மத்தியானம் தொட்டாள், ஒட்டவில்லை. சாயங்காலம் லட்சுமணசாமி போன் செய்தார். அண்ணன் கண் விழித்துவிட்டார், கஞ்சி குடித்தார் என்று சொல்லிவிட்டு, “அந்தப் பெயிண்ட் காஞ்சிருச்சா?” என்று கேட்டார். கோமளா போனைக் காதில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் கரைந்து, எஞ்சின் பளபளவென்று ஈரமாயிற்று. “இன்னும் இல்லீங்க” என்றாள்.

இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். பிறகு ஒரு மத்தியானம், இருவரும் சமையலறையில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“ஏனுங்க, அது பெயிண்ட்டோட கோளாறு இல்லீங்க.”

“தெரியும்” என்றார் லட்சுமணசாமி.

“எப்ப இருந்து?”

“ரெண்டாவது கோட் அடிக்கறப்பவே தெரியும்.” மோரை ஊற்றிக்கொண்டார். “நான் என்ன பண்ணட்டும் கோமளா? அந்த மலையில இருபத்தேழு வளைவு. ஆனை நிக்குது, சிறுத்தை போகுது. அதுக்கெல்லாம்கூட நான் பயப்படலை. அன்னிக்குத் திருப்பூர்ல அவ படியெறங்கி வந்தா பாரு, அந்த மூஞ்சி. மறுக்கா எங்கியோ போயி, நமக்குத் தெரியாம அந்த மூஞ்சியோட நின்னான்னா?”

கோமளா தட்டைக் கழுவி வைத்தாள். “ரெண்டு நாள் எங்கயாச்சும் போயி, அவள நெனைக்காம இருந்துட்டு வாங்க” என்றாள்.

அவர் போகத்தான் செய்தார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினார். மாட்டுச் சந்தையில் ஒவ்வொரு மாட்டின் முன்னாலும் நின்று, பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, வாங்குகிறவரைப்போலவே விசாரித்தார். ஒரு கன்றை லாரியில் ஏற்றினார்கள். அது ஏற மாட்டாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தது. லட்சுமணசாமி அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டார். எஞ்சினிலிருந்து பெயிண்ட் மேஜை விளிம்பு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜூலையில் மைசூர் கம்பெனியிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. முதலில் எடுத்த ஆள் போய்விட்டான், இப்போது வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ஹர்ஷிணி அதை அம்மாவிடம் காட்டினாள், அப்பாவிடம் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கார் ஷெட்டுக்குப் போய், எஞ்சின் இல்லாமல் நின்றிருந்த வண்டியின் உறையை எடுத்தாள். ஸ்பேனர்களை வரிசையாகத் தரையில் வைத்தாள். லட்சுமணசாமி வந்து வாசலில் நின்றார்.

“இன்னும் ஈரமா இருக்குது கண்ணு.”

“அப்பா, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளு.”

“பெயிண்ட் ஈரமா இருந்தா எஞ்சின் ஓடாதுங்களா?”

லட்சுமணசாமி தரையிலிருந்த ஸ்பேனர்களைப் பார்த்தார். ஷெட்டுக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தார், திரும்பி வந்தார். ஓடுகிற எஞ்சினை ஓடாது என்று அவர் முப்பத்திநான்கு வருடத்தில் ஒருமுறைகூட எழுதிக் கொடுத்ததில்லை. எதிர்வீட்டில் மருதாசலம் கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஹர்ஷிணி முழங்கால் போட்டு உட்கார்ந்தபடி அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

“ஓடும்” என்றார் லட்சுமணசாமி.

“அப்ப மாட்டீறலாங்களா?”

“அந்தப் பக்கம் புடி. மருதாசலம், ஒரு கை போடுங்க.”

மூன்று பேரும் தூக்கி வைத்தார்கள். போல்ட்டுகளை லட்சுமணசாமியே முடுக்கினார். முடிக்கும்போது முழங்கைவரை அவர் வெள்ளியாக இருந்தார். ஹர்ஷிணியின் நெற்றியில் மூன்று விரல் தடம் இருந்தது. அப்போதுதான் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். தாளின் ஓரத்தில் வெள்ளி படாமல் பிடித்துக்கொண்டு அவர் இரண்டு முறை படித்தார்.

புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டாள். கோமளா எலுமிச்சைச் சோறும், துடைத்துக்கொள்ள ஒரு பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்த துணிகளும் கொடுத்தாள். லட்சுமணசாமி டயரை அமுக்கிப் பார்த்தார், செயினைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார். பிறகு மறுபடி டயரைப் பார்த்தார். “பண்ணாரியில நின்னு போன் பண்ணு அம்மணி” என்றார். இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. அது கேட்டைத் தாண்டியபோது எஞ்சின் அடியிலிருந்து ஒரு வெள்ளிச் சொட்டு தெருவில் விழுந்தது. பதினைந்து அடி தள்ளி இன்னொன்று. லட்சுமணசாமி சொட்டுகளைப் பார்த்தபடி செருப்பில்லாமல் சத்தி ரோடு வரை நடந்தார். அங்கே அவை வடக்கே திரும்பியிருந்தன. ஏழு மணிவரை நின்றுவிட்டு வந்தார்.

பண்ணாரியிலிருந்து போன் வந்தது. “ஷூவெல்லாம் சில்வருங்கப்பா.”

“பரவால்ல கண்ணு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”

இரண்டு வருடமாகிறது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. மைசூரில் ஹர்ஷிணி குடியிருக்கும் வீட்டுக்காரர் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்திருக்கிறார், மாதம் ஒருமுறை மாற்றுகிறார். அவள் போன் செய்ய மறந்த நாட்களில் சாக்கு அதிகமாக நனைகிறது. அதைப் பார்த்துவிட்டு அவர், ஊருக்குப் பேசிவிடும்மா என்று நினைவுபடுத்துகிறார். ஒரு டப்பா பெயிண்ட் எப்படி இவ்வளவு தூரம் வரும் என்று மருதாசலம் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டார். ஹர்ஷிணி வரப்போக, திம்பம் வளைவுகளில் சொட்டுமேல் சொட்டு விழுந்து கோடுபோல ஆகிவிட்டது. பனி மூடிய காலைகளில் லாரிக்காரர்கள் விளக்கைப் போட்டு அந்தக் கோட்டைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். சாலைக்கு வெள்ளைக்கோடு போட வந்த ஆட்கள், இங்கே ஏற்கெனவே இருக்கிறது என்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் போனார்கள்.

போன மாதம் லட்சுமணசாமி மகளைப் பார்க்க மைசூர் பஸ்ஸில் முன்சீட்டில் போனார். பனி இறங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாளவாடிக்காரர் கண்ணாடி வழியாகச் சாலையைக் காட்டினார். “அது ஒரு பொண்ணு வண்டிங்க. பெயிண்ட் காயறதே இல்லீங்களாம்.”

“ஆமாங்க, சில பெயிண்ட் அப்படித்தானுங்க” என்றார் லட்சுமணசாமி. பஸ் அடுத்த வளைவில் திரும்பியது. அங்கேயும் இருக்கிறதா என்று அவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். இருந்தது.