அதிகாரி என்று எழுதிய இடங்கள்

மார்ச் 12, வியாழன்.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. போனில் பேசியவனை 'அதிகாரி' என்று ஒன்பது இடங்களில் எழுதியிருக்கிறேன். 'அதிகாரி கேட்டார்', 'அதிகாரி கண்டித்தார்' என்று மரியாதை வேறு. அதே பக்கத்தில் 'அண்ணி கத்தினாள்' என்று இருக்கிறது. அண்ணி கத்தவில்லை. மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து பேசியதால் குரலை உயர்த்தினார், அவ்வளவுதான். இன்று காலை சிவப்புப் பேனாவால் எல்லாவற்றையும் திருத்தினேன். திருத்திய பிறகும் படித்தால் பொய்யாகத்தான் இருக்கிறது. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். மாலை வகுப்பில் அலுவலகக் குறிப்பு எழுதச் சொல்லித் தருகிறார்கள். நேரம், ஆள், சொன்னது. சொந்தக் கருத்து வேண்டாம் என்பார் ஆசிரியை. அது என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

நேற்று பொது விடுமுறை. அம்மா, அண்ணன், அண்ணி, நான், நான்கு பேரும் வீட்டில் இருந்தோம். 10:40க்கு அண்ணனின் போன் அடித்தது. அண்ணன் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளன். லாரிக்காரர்களிடம் நாள் முழுக்கக் கத்திவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு வருகிறவன். அப்போது சவரம் செய்துகொண்டிருந்தான். முகத்தில் பாதி நுரை. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கம். சுங்கத்துறை விசாரணைப் பிரிவிலிருந்து பேசுகிறேன். தங்கள் மனைவியின் பெயரில் அனுப்பப்பட்ட பார்சல் ஒன்று பிடிபட்டுள்ளது. உள்ளே தடை செய்யப்பட்ட மாத்திரைகள்."

செய்தி வாசிப்பது போன்ற குரல். அண்ணியின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் அவன் தவறில்லாமல் சொன்னான். அண்ணன் சட்டையை எடுத்து மாட்டினான். பட்டனைக் கழுத்து வரை போட்டான். போன் மேஜை மேல் கிடந்தது. அதன் முன்னால் கைகட்டி நின்றான்.

"சொல்லுங்க சார்."

அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். அவர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். மாத்திரை என்ற சொல் காதில் விழுந்ததும் வந்திருப்பார்.

"யாருங்க போன்ல?"

"உன் பேர்ல என்னடி பார்சல்?"

"எனக்கு ஏதுங்க பார்சல்? கட் பண்ணுங்க மொதல்ல. எங்க கடைக் கண்ணாடியிலயே நோட்டீஸ் ஒட்டியிருக்கு, எந்த ஆபீஸும் போன்ல விசாரிக்காது, போன்ல கைது பண்ணாதுன்னு. அதுவும் இன்னைக்கு லீவு நாளு. எந்த ஆபீஸ் தெறந்திருக்கு?"

"பெரிய ஆபீசுக்கு ஏது லீவு?" என்றான் அண்ணன்.

போனிலிருந்த குரல் அவசரப்படவில்லை. "சார், அந்தம்மா பக்கத்துல இருக்காங்க போலிருக்கே. குத்தம் பண்ணவங்க எல்லாரும் மொதல்ல இதத்தான் சொல்லுவாங்க. நீங்க குடும்பஸ்தர். உங்க பேர் கெடக் கூடாதுன்னுதான் வீட்டுக்கு ஆள் அனுப்பாம போன் பண்றேன்."

அண்ணியோடு எட்டு வருடம் குடித்தனம் நடத்துகிறான் அண்ணன். போனில் இருந்தவனோடு பழக்கம் நான்கு நிமிடம். எந்தப் பேச்சை நம்புவது என்பதில் அவனுக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை.

"மருந்துக் கடையில நிக்கிறவளுக்கு எவன் எவன் பழக்கமோ, யார் கண்டா? வேலைக்கு வேணாம்னு அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்."

"அத்தை, என் சம்பளம் வர்ற அன்னைக்கு மட்டும் இதச் சொல்ல மாட்டீங்களே," என்றார் அண்ணி.

"பாத்தியாடா வாய!"

அதன் பிறகு குரல் வரிசையாக உத்தரவுகள் கொடுத்தது. அண்ணியின் போனைப் பிடுங்கி வைக்க வேண்டும். அவரைத் தனியறையில் வைக்க வேண்டும். யாரோடும் பேச விடக் கூடாது. பிறந்த வீட்டுக்குத் தகவல் போகக் கூடாது. இந்த அழைப்பைத் துண்டிக்கவே கூடாது. துண்டித்தால் அண்ணனும் குற்றவாளி. இதற்கு 'வீட்டுக் காவல்' என்று பெயராம்.

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். அவன் கேட்டதில் பெரும்பாலானவை எங்கள் வீட்டில் ஏற்கெனவே உள்ளவை. அண்ணியின் போனை அண்ணன் வாங்கிப் பார்ப்பது தினமும் நடக்கும். பிறந்த வீட்டுக்குப் பேச அம்மாவிடம் கேட்க வேண்டும். அடையாள அட்டை அம்மாவின் பீரோவில். சம்பளக் கணக்கின் அட்டை, கல்யாணமான மாதத்திலிருந்து அண்ணனின் பர்ஸில். அந்தத் திருடன் எங்கள் வீட்டைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் எங்கே கை வைத்தால் கதவு திறக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பூட்டு மட்டும்தான் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

11:05. அண்ணன் அண்ணியின் தோளைப் பிடித்து உள்ளறைக்குத் தள்ளினான். கதவைப் பூட்டினான். சாவியை என் கையில் கொடுத்தான். "பாப்பா, இங்கயே உக்காரு. நகராத."

உட்கார்ந்தேன். நாற்காலியைக்கூட நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பாப்பா," என்று உள்ளேயிருந்து அண்ணி கூப்பிட்டார். "என் போன் வேணாம். உன் போன்லருந்து எங்க கடை முதலாளியம்மாவுக்கு ஒரு வார்த்த சொல்லு. அவங்க பேசுனாப் போதும்."

"அண்ணன் திட்டும், அண்ணி."

"திட்டுனா செத்தா போயிடுவ?"

நான் கூப்பிடவில்லை. என் போன் மடியில்தான் இருந்தது.

11:50க்கு அண்ணி தண்ணீர் கேட்டார். நான் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அண்ணன் போனைப் பார்த்துக் குனிந்தான். முகத்தில் நுரை காய்ந்து சுண்ணாம்பு போல ஒட்டியிருந்தது.

"சார், அவளுக்குத் தண்ணி குடுக்கலாங்களா?"

"அரை டம்ளர் குடுங்க." பின்னால் யாரோ சிரித்தார்கள். நேற்றைய குறிப்பில் 'இருமல்' என்று எழுதியிருக்கிறேன். அது சிரிப்புதான். கேட்டபோதே தெரிந்தது.

அரை டம்ளர்தான் கொண்டுபோனேன். அண்ணி அதைக் கையில் வாங்கி, டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அளந்து குடுக்கச் சொன்னானா?" என்று கேட்டார். குடித்துவிட்டு அவரே கதவைச் சாத்திக்கொண்டார். நான் மறுபடி பூட்டினேன்.

12:30க்கு மேல் குரல் பணத்துக்கு வந்தது. அண்ணியின் கணக்கில் இருப்பது குற்றப் பணமா என்று சோதிக்க வேண்டுமாம். அரசின் பாதுகாப்புக் கணக்குக்கு மாற்றினால் சோதித்துவிட்டு மாலைக்குள் திருப்பி விடுவார்களாம். அந்தப் பணம் அண்ணி மருந்தாளுநர் படிப்பில் சேரச் சேர்த்து வைத்திருந்தது. அண்ணன் பர்ஸிலிருந்த அட்டையின் எண்ணைப் படித்துச் சொன்னான். அண்ணியின் போனுக்கு ஓடிபி வந்தது. அண்ணன் அதை ஒவ்வோர் இலக்கமாக, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னான். இரண்டு தொகைக்கு இரண்டு தடவை. உள்ளேயிருந்து அண்ணி கதவைத் தட்டினார். "நம்பரச் சொல்லாதீங்க! அது ஒண்ண மட்டும் சொல்லாதீங்க!" இதைத்தான் நான் 'கத்தினாள்' என்று எழுதியிருந்தேன்.

1:50க்குக் குரல் நன்றி சொல்லிவிட்டு வைத்தது. அண்ணன் சோபாவில் சாய்ந்தான். "நல்ல மனுஷன். வேற ஆபீசரா இருந்தா இந்நேரம் ஜீப்ல ஏத்தியிருப்பான்."

நான் கதவைத் திறந்தேன். அண்ணி யாரையும் திட்டவில்லை. மேஜையிலிருந்த தன் போனை எடுத்தார். வங்கியின் எண்ணைத் தன் கணக்குப் புத்தகத்தின் பின்அட்டையில் பார்த்துக் கூப்பிட்டார். அட்டையை முடக்கச் சொன்னார். அடுத்து காவல்துறை உதவி எண். ஒரு பெண் பேசினார். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார், எங்களுக்கும் கேட்கட்டும் என்று.

"எந்த ஆபீஸும் போன்ல காவல் வைக்காதும்மா. சோதிச்சுட்டுத் தர்றோம்னு பணம் கேக்காது. அப்படி வந்தா வெச்சிட்டு, அந்த ஆபீஸ் நம்பர நீங்களே தேடி எடுத்துக் கேக்கணும். அவங்க குடுக்குற நம்பர்ல கூப்பிடக் கூடாது. சரி, ஓடிபி யாரு சொன்னது?"

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கண்ணாடி முன் போய் நின்று காய்ந்த நுரையைச் சுரண்டினான்.

முதல் தொகை போய்விட்டது. இரண்டாவதை வங்கி நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறது. என்ன நடந்தது என்று எழுத்தில் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் காவல் நிலையத்தில் புகாரும் பதிந்தால் அதை மீட்க வழியுண்டு. இது நேற்று.

இன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. ஆறு மணிக்கு அண்ணன் என் முன்னால் வெள்ளைத்தாள் வைத்தான்.

"பாப்பா, நீதான் நல்லா எழுதுவ. பேங்குக்கு ஒரு லெட்டர் எழுது. 'விவரம் தெரியாம நானே நம்பரச் சொல்லிட்டேன்'னு அவ எழுதுற மாதிரி. அவ கையெழுத்துப் போடட்டும்."

"சொன்னது நீங்க," என்றார் அண்ணி.

"எவன் சொன்னா என்ன இப்ப? கெடங்குல முப்பது பேரு எங்கிட்ட கைகட்டி நிக்கிறான். நான் ஏமாந்தேன்னு தெரிஞ்சா எவன் மதிப்பான்? நீ பொம்பள. உனக்குத் தெரியலன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க."

"எங்க கடையில சிரிப்பாங்க. கடைக் கண்ணாடியில அந்த நோட்டீஸ ஒட்டுனதே நான்தான். ஓடிபிய எவனுக்கோ சொன்னவள மருந்துக் கல்லாவுல யாருங்க நிக்க வைப்பா?"

"அவ பேருக்குத்தானே போன் வந்துச்சு," என்றாள் அம்மா. "அவளாலதானே வந்துச்சு."

"அத்தை, போன் வந்தது உங்க மகனுக்கு."

அண்ணன் பெருமூச்சு விட்டான். "அவரு எவ்வளவு தன்மையாப் பேசினாரு தெரியுமா? யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க."

"திருடன் இன்னும் 'அவரு'," என்றார் அண்ணி. "எட்டு வருஷமா நான் 'அவ'. கோவம் வந்தா 'அது'. பரவாயில்லங்க, நானும் ஒரு நாள் உங்களக் கொள்ளையடிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அடக்கியிருக்கக் கூடாதோ என்னவோ.

6:20க்கு அண்ணனின் போன் மறுபடி அடித்தது. இப்போதும் ஸ்பீக்கரில் போட்டான். வேறு குரல். 'இழந்த பணம் மீட்புத் துறை'யாம். நேற்று நடந்த மோசடி தங்களுக்குத் தெரியுமாம். முழுப் பணத்தையும் மீட்டுத் தருவார்களாம். காவல் நிலையத்துக்குப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும், போக வேண்டாம். கோப்புக் கட்டணம் மட்டும் அனுப்பினால் போதும்.

அண்ணன் எழுந்து நின்றான். கை தானாகக் கழுத்துப் பட்டனுக்குப் போனது.

"சொல்லுங்க சார்." போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம் திரும்பினான். முகம் மலர்ந்திருந்தது. "பாத்தியா? போலீசு, லெட்டரு ஒண்ணும் வேணாமாம்!"

அண்ணி அவன் கையிலிருந்து போனை எடுத்தார். "எந்த ஆபீசு? பேரும் ஊரும் சொல்லுங்க. நம்பர நானே தேடி எடுத்து, நாளைக்குக் காலைல கூப்பிடுறேன்."

அந்தக் குரல் அண்ணியை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியது. இங்கே எழுத மாட்டேன். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அண்ணி அழைப்பைத் துண்டித்தார்.

அண்ணன் சொன்னதை மட்டும் அப்படியே எழுதுகிறேன்.

"நீ மரியாதையில்லாமப் பேசினா அவருக்குக் கோவம் வராதா?"

அம்மாகூட அவனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தார். "எழுது பாப்பா," என்றார்.

எழுதினேன். வகுப்பில் பழகியபடி, '11:05 மணிக்கு அறைக்கதவு பூட்டப்பட்டது' என்று ஆரம்பித்தேன். அண்ணி அந்த வரியில் விரலை வைத்தார்.

"அதுவா பூட்டிக்கிச்சா?"

அடித்துவிட்டு எழுதினேன்: 'என் கணவர் என்னை அறையில் தள்ளிப் பூட்டினார். சாவி என் நாத்தனாரிடம் இருந்தது.' 'ஓடிபி பகிரப்பட்டது' என்று எழுதவிருந்த இடத்தில், 'ஓடிபியை என் கணவர் இரண்டு முறை சொன்னார்' என்று எழுதினேன்.

அண்ணன் என் தோளுக்கு மேலாகப் படித்தான். "இந்த லெட்டர் போச்சுன்னா நீ எனக்குத் தங்கச்சியே இல்ல."

"கடைசில சாட்சின்னு என் பேரையும் போட்டிருக்கேன்ணா. முகவரி இந்த வீடுதான்."

தாளை அண்ணியின் பக்கம் நகர்த்தினேன்.

அண்ணி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அத்தை, என் அடையாள அட்டை வேணும்," என்றார்.

"ஸ்டேஷனுக்கா? பொம்பளைங்க ரெண்டு பேருமா? அப்ப நாளைக்கு மத்தியானச் சமையல் யாரு பண்றது?"

"உங்க மகன் பண்ணட்டும். அரை டம்ளர் தண்ணி அளக்கத் தெரியுது, அரிசி அளக்கத் தெரியாதா?"

அம்மா எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். அட்டையை அண்ணியின் கையில் கொடுக்கவில்லை. மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

நாளை காலை ஒன்பது மணிக்கு அண்ணியுடன் காவல் நிலையம். அங்கிருந்து வங்கி. கடிதத்தை இரண்டு நகல் எடுக்க வேண்டும், நான் வேலை பார்க்கும் கடைக்கு அரைநாள் விடுப்பு சொல்ல வேண்டும். சாவி என்னிடம் இருந்ததை, அவர்கள் கேட்பதற்கு முன் நானே சொல்ல வேண்டும்.