ஊருணிச் சாமியின் சொம்பு

ஊருணிச் சாமி சமாதியான மறுவருஷம், அறுபத்தெட்டில், அவர் புழங்கிய பொருள்களுக்கு ஒரு மியூசியம் வைப்பதென்று காரைக்குடியில் முடிவானது. கண்ணாடி அலமாரி என் பொறுப்பு என்று முதல் ஆளாக முன்வந்தவர் தேனம்மை ஆச்சி. பர்மாத் தேக்கு, முழு நீளக் கண்ணாடி. கலெக்டர் பங்களாவில்கூட அப்படி ஒன்று இருந்திருக்காது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அதைப் பார்த்துப் பூரிக்கப் போனவர், உள்ளே இருந்ததைக் கண்டதும் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தார்.

சாமி விட்டுப்போனது ஒரு குடை, ஒரு கைத்தடி, இரண்டு காவித்துண்டு, ஒரு பித்தளைச் சொம்பு. அவ்வளவுதான். அந்தச் சொம்பில் 'வெ.தே.' என்று வெட்டியிருந்தது. செட்டிநாட்டில் கரண்டிக்குக்கூடப் பெயர் வெட்டாமல் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். 'வெ.தே.' என்றால் வெள்ளையப்பன் மகள் தேனம்மை.

ஆறு வருஷத்துக்கு முன் காணாமல் போன சொம்பு அது. "ஒன் அறையத் தொறந்து காட்டு" என்று ஓரகத்தி சீதாலட்சுமியிடம், காதுகுத்துக்கு வந்த சனம் அத்தனையும் பார்க்கக் கேட்டுவிட்டார் ஆச்சி. அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்து அடுப்பில் சமைத்துக்கொண்டு, பாத்திரம் உருளும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஆறு வருஷம்! ஆச்சிக்கும் அது வலிதான். ஆனால் இறங்கி வர மனசு வர வேண்டுமே. நாளைக்குச் சீதாலட்சுமியும் வருவாள், ஊரும் வரும்.

மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் அழகுசுந்தரத்தை ஆச்சி கூப்பிட்டார். "அந்தச் சொம்ப எடுத்துருப்பா. நசுங்கிக் கெடக்கு, பாக்க நல்லால்ல."

"சாமி தொட்டதாச்சே! எப்படி ஆச்சி எடுக்கிறது?"

"அப்ப எழுத்தையாவது அங்குட்டுச் சொவத்தப் பாக்கத் திருப்பி வையி."

அவரும் திருப்பி வைத்தார். ஆச்சி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மேளம் முழங்க, ஆச்சி விளக்கேற்றி நிமிர்ந்தால், புளி போட்டுத் தேய்த்த பளபளப்போடு 'வெ.தே.' அவர் முகத்துக்கு நேரே நிற்கிறது.

"யாருய்யா திருப்பினது?" ஆச்சி பல்லைக் கடித்தார்.

"சீதாலட்சுமி ஆச்சிதான். காலையில வந்து தேச்சுக் குடுத்து, எழுத்துத் தெரியிற மாதிரி வையின்னாக" என்றார் அழகுசுந்தரம்.

சீதாலட்சுமி பின்னாலேயே நின்றாள். "ஆமா ஆச்சி, நாந்தான். இத சாமிக்குக் குடுத்ததும் நாந்தான். பின்கட்டுல வந்து தண்ணி கேட்டாக. கைக்குக் கெடச்ச சொம்புல மோந்து குடுத்தேன். குடிச்சிட்டுச் சொம்போட நடந்துட்டாக. சாமிகிட்டத் திருப்பிக் கேக்க முடியுமா?"

"இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்க சொம்பயா கேட்டீக? அறையத்தான தொறக்கச் சொன்னீக."

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அழகுசுந்தரம் அட்டையும் பேனாவுமாக மெல்ல நடுவில் வந்தார். "சொம்புக்கு மட்டும் பேரு எழுதல. ஒங்க உபயம்னு போட்டுரவா ஆச்சி?"

"வேண்டாம்." ஆச்சி வாசல்வரை கேட்கும்படி சொன்னார். "சாமிக்குத் தாகத்துக்குத் தண்ணி குடுத்தவ சீதாலட்சுமின்னு எழுது. அவ மேல ஒரு தப்பும் இல்ல. பெரிசா எழுதுப்பா."

சீதாலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "மத்தியானம் எங்க அடுப்புல சாப்பிட வாரீகளா ஆச்சி?"

"வாரேன், வாரேன்" என்றார் தேனம்மை ஆச்சி. "அறையத் தொறந்து வையி."