ஒரு குடம் பழைய தண்ணீர்

கூன் விழுந்த மீன் ஒன்று தொட்டியின் மூலையில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கரபி அதை அள்ளிப் பார்த்தாள். முதுகு வளைந்து, வயிறு ஒட்டி, உடம்பின் நீலக் கோடுகள்கூட வெளுத்திருந்தன. பிறவிக் கூன் என்றால் இதற்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும். இது உருக்கி நோய். ஒன்றுக்கு வந்தால் தொட்டி மொத்தத்துக்கும் வந்த மாதிரிதான். மீனையெல்லாம் கொன்று புதைத்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டியைக் கழுவிக் காயவிட வேண்டும். கல்கத்தாவுக்குத் தெற்கே அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டிக்கு விற்கிற ஜீப்ரா மீன் வளர்ப்புதான்; இது தெரியாத பெண் ஒருத்தியும் கிடையாது.

மறுநாள் வியாபாரி வருகிற நாள். கரபி அந்த மீனை வாத்துக்கு எறிந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா புதுல் குடத்தோடு வந்து நிற்க வேண்டும்! புதுல் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. கேரளாவுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். பால் மறக்காத பெண் குழந்தையை வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டியிருந்தாள். இதுவும் கைகொடுக்காவிட்டால் குழந்தையை விட்டுவிட்டுப் போய், கல்கத்தாவில் யார் வீட்டிலாவது தங்கிப் பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான்.

"அக்கா, பழைய தண்ணி ஒரு குடம் குடு. நாளைக்கு மீன் விடப்போறேன்."

புதுத் தொட்டியில் வெறும் தண்ணீரில் மீன் விடமாட்டார்கள். நன்றாக விளைகிற தொட்டியிலிருந்து ஒரு குடம் வாங்கி ஊற்றிய பிறகுதான் விடுவார்கள். கேட்டும் கொடுக்கவில்லையென்றால் ஒன்று பொறாமை, இல்லை தொட்டியில் சீக்கு. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வியாபாரி வாசலோடு திரும்பிவிடுவான்.

"வேற வீட்ல கேக்கறதுதானே?"

"ஏன், ஒரு குடம் மொண்டா உன் தொட்டி வத்திப் போயிடுமாக்கும்?" புதுல் சிரித்தாள்.

"வாயப் பாரு. மொண்டுக்கோ, போ."

சொல்லியே விட்டாள், பாவி.

மறுநாள் கரபி மீன்களை வியாபாரிக்கு விற்றாள். தொட்டியில் விரிசல் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுக் கழுவிக் காயப்போட்டாள்.

புதுலுக்கு முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சாயங்காலம் கொழுத்த பெண் மீன்களையும் ஒல்லி ஆண்களையும் வலைக்கூட்டில் விடுவாள். விடிந்ததும் முட்டையிடும். இட்டதைத் தானே தின்கிற சாதி அது. வலைக்கண் வழியாக முட்டை அடியில் விழுந்ததுமே பெரியவற்றை எடுத்துவிடுவாள்.

"அக்கா, குஞ்சு பொரிச்சிருக்கு! கண்ணு மட்டும்தான் தெரியுது, வந்து பாரேன்!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள். கரபி போகவில்லை.

மழை முடிவதற்குள் பெரிய மீன்கள் வற்றத் தொடங்கின. வேளாவேளைக்குத் தின்றும் வயிறு ஒட்டிக்கொண்டே போனது. பிறகு முதுகு வளைந்தது. குஞ்சுகளும் தப்பவில்லை. துர்கா பூஜைக்கு முன்னாலேயே தொட்டி காலி.

பூஜை முடிந்ததும் புதுல் பையோடு வந்தாள். குழந்தையைக் கரபியின் இடுப்பில் மாற்றிவிட்டு, குனிந்து அவள் காலைத் தொட்டாள்.

"சோத்துல பருப்புத் தண்ணி ஊத்திப் பிசைஞ்சா சாப்பிட்டுக்குவாக்கா. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" நிமிர்ந்து பையை எடுத்துக்கொண்டாள். "எல்லாம் சரியாத்தானே பண்ணேன்? எங்க தப்புப் பண்ணேன், நீயாச்சும் சொல்லேன்."

கரபி குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள். இப்போதாவது சொல்லித் தொலைக்கலாம். சொன்னால் இவள் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

"சில பேருக்கு மீன் ராசி இருக்காதுடி" என்றாள்.

புதுல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்படித்தான் இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

குழந்தை அம்மாவின் பின்னால் கையை நீட்டிக் கதறியது. கரபி குழந்தையைக் கீழே விடவில்லை.